மகனுக்கு அம்பலமுகளில் 45 நாள் ஷட்டவுன் வேலை: அனுப்பலாமா?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை), திங்கள் இரவு 9.10

வணக்கம். எண்ணெய் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், கொச்சிப் பக்கம் குடியிருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் பதில் சொல்லுங்கள்.

மகன் மலம்புழை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்தான். பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது ஓர் ஒப்பந்தக்காரரின் ஆள் மூலமாகக் கொச்சி அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலைக்கு ஷட்டவுன் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. 45 நாள், 12 மணி நேர ஷிப்ட், ஓர் அறைக்கு எட்டுப் பேர்.

எண்ணெய் என்றால் எனக்குத் தெரிந்தது தேங்காய் எண்ணெய். நாள் கூலியைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. என் தோப்பில் காய் போட வருகிறவர் மதியத்துக்குள் அதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு, இளநீரும் குடித்துவிட்டுப் போகிறார். மகனோ மரம் ஏறுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். அவன் அம்மா எங்கோ ஆலையில் தீப்பிடித்த வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆபத்தான வேலையா? நல்ல பெயர் எடுத்தால் நிரந்தரமாகுமா? போய் வந்தவர்கள் சொன்னால் நல்லது.

பழைய ஃபிட்டர் (வேலந்தாவளம்), திங்கள் இரவு 10.25

அண்ணா, கொச்சி, மணலி, மங்களூர், ஜாம்நகர் என்று ஷட்டவுன் எங்கே உண்டோ அங்கெல்லாம் பெட்டி தூக்கிக்கொண்டு போனவன் நான். முட்டி போன பிறகுதான் நிறுத்தினேன்.

ஷட்டவுன் என்றால் ஆலை முழுவதும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பழுதுபார்க்க ஒரு யூனிட்டை, அதாவது ஆலையின் ஒரு பகுதியை மட்டும், நிறுத்துவார்கள். உள்ளே இருக்கும் எண்ணெயை வடித்து, நீராவி விட்டு அலசி, அந்த யூனிட்டை மற்றவற்றிலிருந்து பிரிக்கக் குழாய் மூட்டுகளுக்கு நடுவே இரும்புத் தகடு சொருகுவார்கள். பிளைண்ட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய அட்டை தொங்கும். சொருகியவை எத்தனை, திரும்ப எடுத்தவை எத்தனை என்று கணக்கு நேராகும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

நான் அதிகம் பார்த்தது எக்ஸ்சேஞ்சர் வேலை. சூடான எண்ணெயும் குளிர்ந்த எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காமல் வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் பெரிய உருளை. உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஒரே கட்டாக இருக்கும். மூடியைக் கழற்றி, கட்டை வெளியே இழுத்து, நீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கசடை எடுத்து, மறுபடியும் சொருக வேண்டும். மூடியின் போல்ட்டை வரிசையாக இறுக்கிக்கொண்டே போனால் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வளையம் ஒரு பக்கம் நசுங்கிவிடும். கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் ஒன்று, அடுத்து 6, பிறகு 3, பிறகு 9 என்று எதிரெதிராக இறுக்க வேண்டும். உங்கள் மகன் படித்திருப்பான். மேற்பார்வையாளர் பின்னால் நின்று கத்த, சாரத்தின் மேல், மதிய வெயிலில் செய்யும்போது படித்தது மறந்துபோகும். இதை மட்டும் மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தீயைவிட எனக்குப் பயம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. அழுகிய முட்டை வாடை அடிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று முகமூடியைக் கழற்றுகிறவன்தான் விழுகிறான். சட்டையில் மாட்டிவிடும் கருவி கத்தினால் ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும். கருவி கெட்டுப்போயிருக்கும் என்று யாராவது சொன்னால் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஓட வேண்டும். தாடி வைத்திருந்தால் இப்போதே மழித்துவிடச் சொல்லுங்கள், முடி இருந்தால் முகமூடி முகத்தோடு படியாது. தொட்டிக்குள்ளோ கோபுரத்துக்குள்ளோ இறங்கச் சொன்னால், அன்றைய பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) காற்றுச் சோதனை எழுதியிருக்கிறதா, மேன்ஹோல் வாயில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும்.

நிரந்தரம் ஆகாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு அனுப்பாதீர்கள். என்னிடம் பழைய கேட் பாஸ்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் முகத்தைவிடக் காலாவதித் தேதிதான் பெரிதாக இருக்கும்.

இன்னொன்று. கையில் படியும் கறுப்பு சோப்புக்குப் போகாது. பையன்கள் டீசலில் கழுவுவார்கள், தோல் வெடித்துவிடும். தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பழந்துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட வேண்டும். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

மாஷ் (சித்தூர், பாலக்காடு), செவ்வாய் காலை 6.40

ஃபிட்டர் தம்பி எழுதியதற்கு மேல் வேலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை.

அம்பலமுகள் என்றால் மலையாளத்தில் கோயில் மேடு. நமக்கு அம்பலம் என்றதும் தில்லை நினைவுக்கு வரும், அவர்களுக்கு எந்தக் கோயிலும் அம்பலம்தான். அந்த மேட்டில் 1963இல் கொச்சின் ரிஃபைனரீஸ் என்ற கம்பெனி பதிவானது. மத்திய அரசோடு அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியமும் கல்கத்தாவின் டங்கன் பிரதர்ஸும் பங்குதாரர்கள். 1966 செப்டம்பரில் இந்திரா காந்தி வந்து தொடங்கிவைத்தார். அப்போது ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் காய்ச்சும் ஆலை. இன்றைக்கு 155 லட்சம் டன். கடைசிப் பெரிய விரிவாக்கத்தை 2019 ஜனவரியில் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். நடுவில் 2001இல் அரசின் பங்கு பாரத் பெட்ரோலியத்துக்குப் போனது, 2006இல் ஆலையே அதனுடன் இணைந்தது.

ஆலை ஆறு மடங்கு பெருத்திருக்கிறது. நிரந்தர வேலைகள் ஆறு மடங்கு ஆகவில்லை. கருவி பெருத்தால் ஆள் பெருக வேண்டியதில்லை. விரிவாக்கம் கட்டும்போது ஆயிரக்கணக்கில் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், கட்டி முடித்ததும் போய்விட்டார்கள். எனவே 'எண்ணெய் ஆலை ஊருக்கு வேலை தருகிறது' என்ற வாக்கியத்தில் எந்த வேலை, எத்தனை நாள் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது.

வத்துருத்தி அக்கா (கொச்சி), செவ்வாய் காலை 11.15

மாஷே, சொன்னது சரிதான். ஆனால் அந்த 45 நாளை நம்பியும் ஒரு ஊர் இருக்கிறது.

நான் தேனிக்காரி. கல்யாணமாகி வத்துருத்திக்கு வந்து முப்பது வருடமாகிறது. வத்துருத்தி தெரியாதவர்களுக்கு: கொச்சித் துறைமுகத் தீவுக்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தமிழ் கூலித் தொழிலாளிகள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் இடம். அப்போதெல்லாம் கச்சா எண்ணெய்க் கப்பல்கள் உள்ளே துறைமுகத்துக்கே வரும். 2007 டிசம்பரிலிருந்து புதுவைப்பின் கரைக்கு அப்பால் நடுக்கடலில் மிதக்கும் ஒரு மிதவையில் பெரிய கப்பலைக் கட்டிவிட்டு, கடலடிக் குழாய் வழியாகக் கரைத் தொட்டிக்கு எண்ணெயை இறக்குகிறார்கள். வேலை குறைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெய்க்குச் சுமக்கிற ஆள் எப்போதும் தேவையில்லை என்று என் மாமனார் பதில் சொல்வார், அவர் உர மூட்டை சுமந்தவர்.

ஆலையை ஒட்டிய கரிமுகள் பக்கம் நான் மூன்று ஷட்டவுனுக்கு மெஸ் நடத்தியிருக்கிறேன். அறை வாடகை முதலில் ஏறும். வீட்டுக்காரர்கள் கார் நிறுத்தும் இடத்தைக்கூடத் தகரம் வைத்து அடைத்து வாடகைக்கு விடுவார்கள். ஒடிசா, பிகார், வங்காளம், ராமநாதபுரம் எல்லாம் ஒரே வரிசையில் தட்டை நீட்டும். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வருகிற பையன்கள் தோசை கேட்க மாட்டார்கள், சோறு கேட்பார்கள். இரண்டாவது வருடம்தான் எனக்கு அது புரிந்தது. ஷட்டவுன் முடிந்த மறுநாள் தெருவில் பழைய பாய்களும் கிழிந்த கையுறைகளும் கிடக்கும். காய்கறிக்காரர் பாதி வண்டியோடு வருவார்.

அண்ணா, பையன் வந்தால் என் எண்ணைத் தனிச் செய்தியில் தருகிறேன். அறைக்கு எட்டுப் பேர் என்பது பழகிவிடும், கழிப்பறை எத்தனை என்று கேளுங்கள்.

தென்னந்தோப்பு, செவ்வாய் பகல் 1.05

அக்காவுக்கு நன்றி. கேட்டேன். "இருக்கும்" என்று மட்டும் ஒப்பந்தக்காரரின் ஆள் சொல்கிறார். எத்தனை என்று சொல்லவில்லை.

வாளையார் டேங்கர், செவ்வாய் இரவு 8.50

இருபது வருடத்துக்கு மேல் டேங்கர் ஓட்டினேன். திருப்பூணித்துறைக்குப் பக்கத்தில் இரும்பனம் என்று ஓர் இடம், எண்ணெய்க் கம்பெனிகளின் கிடங்குகள் அங்கேதான். அதிகாலையில் போய் வண்டியை வரிசையில் போட்டால் எப்போது லோடு கிடைக்கும் என்று தெரியாது. டேங்கருக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கியவன் நான், கீழே தூங்கக் கூடாது என்று எழுதிய பலகைக்கு நேர் எதிரில்.

அக்காவின் மாமனார் சொன்னது எனக்கும் நடந்தது. 2002இல் கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூர் வரை 292 கிலோமீட்டருக்குக் குழாய் வந்தது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் அதே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கோவைக்குப் பக்கத்தில் இருகூரில் இறக்கிக்கொள்வார்கள். கோவைக்கு நான் ஓட்டிய டிரிப்புகள் அந்தக் குழாய்க்குள் போய்விட்டன. பிறகு சமையல் எரிவாயுவுக்கும் கொச்சியிலிருந்து சேலம் வரை குழாய். அதில் எனக்கு வருத்தமில்லை. 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வெடித்து 20 பேர் இறந்தார்கள். ஓட்டுகிற எங்களுக்கு அதற்குப் பிறகு சாலைத் தடுப்பைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அது குழாயில் போகட்டும்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வாளையார் செக்போஸ்ட்டில் மைல்கணக்கில் நின்ற லாரி வரிசை கலைந்தது, எண்ணெய் மட்டும் வெளியே நின்றுகொண்டது. கேரளத்தில் பெட்ரோலுக்கு 30.08 சதவீதம் விற்பனை வரி, அதற்கு மேல் கூடுதல் வரி, 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ். தமிழ்நாட்டில் 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். கூட்டிப் பார்த்தால் தமிழ்நாடு மலிவு. நம் ஊர் வண்டிகள் எல்லாம் வாளையாரையோ கோபாலபுரத்தையோ தாண்டிப் போய் நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன. கொச்சியில் காய்ச்சிய பெட்ரோல் பாலக்காட்டு மண்ணுக்கு அடியில் ஓடி, இருகூரில் மேலே வந்து, அங்கிருந்து லாரியில் எல்லையிலுள்ள பெட்ரோல் பங்க்குக்கு வந்து, நம் பைக்கில் ஏறிப் பாலக்காட்டுக்கே திரும்பி வருகிறது. நம் காலுக்கடியில் போகும்போது அது நமக்குக் கிடைக்காது.

ஆந்திராவில் வரி இதைவிட மோசம். திருத்தணி தாண்டி நகரிக்குப் போகிற என் மைத்துனர் எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்க்கில்தான் நிரப்புவார்.

குழாய்க்காடு (பாலக்காடு மாவட்டம்), செவ்வாய் இரவு 10.05

'நம் காலுக்கடியில்' என்று வாளையார் அண்ணன் எழுதிவிட்டார். என் காலுக்கடியில் என்று நான் எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனிக் குழாய் என்று சொல்ல வேண்டாம், மூன்று நான்கு குழாய்கள் இந்த மாவட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகின்றன. 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நிலப் பத்திரம் என் பெயரில், வரி என் பெயரில். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, மரம் நடக் கூடாது. சட்டத்தின் 9ஆம் பிரிவு. உரிமைக்கு இழப்பீடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், வெட்டிய மரங்களுக்குத் தனியாகப் பணம்.

தென்னந்தோப்பு அண்ணாவுக்குப் புரியும்: தோப்புக்குக் குறுக்கே மரம் இல்லாத ஒரு பட்டை. ஆகாயத்திலிருந்து பார்த்தால் வகிடு எடுத்த தலை போலிருக்கும். அதில் நிலக்கடலை போடுகிறேன். பெண்ணுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன வெற்றிடம்?" என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் பையனின் மாமா அடியில் குழாய் போவதைக் காட்டும் மஞ்சள் கம்பத்தை வாசித்துவிட்டார்.

தினமும் ஒருவர் குழாய் வழியே நடந்து வருவார். கையில் கோல், கழுத்தில் அட்டை, இருப்பிடம் காட்டும் சிறு கருவி. யாராவது தோண்டுகிறார்களா, எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. வெயில் காலத்தில் என் மனைவி மோர் கொடுப்பார். அவருடையதும் ஒப்பந்த வேலைதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கெயில் எரிவாயுக் குழாய்க்கு எதிராகக் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் நின்றார்கள். 2013இல் தமிழக அரசும் வயல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. இந்தப் பக்கம் கொச்சியிலிருந்து மங்களூர் வரை 450 கிலோமீட்டர் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு எதிராகத் தண்ணீருக்காக ஜெயித்த மாவட்டம் இது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தொழிற்சாலைக்கு முன்னால் பந்தல் போட்டு உட்காரலாம். மண்ணுக்கடியில் போவதற்கு எந்த இடத்தில் பந்தல் போடுவது?

காக்கநாடு பெண், புதன் காலை 7.30

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். நானும் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், கொச்சிப் புறநகர் காக்கநாட்டில் மென்பொருள் வேலை. ஷட்டவுன் பற்றி ஒன்றும் தெரியாது, அங்கே குடியிருப்பது பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆலையின் சுடர்க்கோபுரம் மேகமூட்டமான இரவுகளில் வானத்தின் ஒரு மூலையைச் செந்நிறமாக்கிவிடும். புதிதாக வந்தவர்கள் எங்கோ தீ என்று பதறுவார்கள். மிச்ச வாயுவை எரித்துவிடும் சுடர் அது, எரிவதுதான் பத்திரம்.

ஆனால் பக்கத்திலேயே இருப்பவர்கள் நிலைமை வேறு. அய்யன்குழி என்று ஒரு குடியிருப்பு, சுத்திகரிப்பு ஆலைக்கும் ஹிந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு எங்களை வேறு இடத்துக்கு அனுப்புங்கள் என்று அவர்கள் வருடக்கணக்காக மனுப் போடுகிறார்கள். குழாய்க்காடு அண்ணன் நிலத்தை விடு என்கிறார், அவர்கள் நிலத்தை எடு என்கிறார்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பை மேடு எரிந்தபோது நகரமே பத்து நாளுக்கு மேல் புகையில் இருமியது. அது எண்ணெயால் வந்ததல்ல. ஆனால் நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் எந்தத் திசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஆலை, ரசாயனம், உரம், குப்பை எல்லாம் சில கிலோமீட்டருக்குள்.

அஹ்மதிக்காரர் (முன்பு குவைத், இப்போது சித்தூர்), புதன் பகல் 12.20

எல்லோரும் அம்பலமுகளையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொச்சியைக் கட்டிய எண்ணெய் அம்பலமுகள் எண்ணெய் அல்ல, வளைகுடா எண்ணெய்.

நான் குவைத்தின் அஹ்மதியில் 19 வருடம் ஸ்டோர் கிளார்க். அந்த ஊரே எண்ணெய்க் கம்பெனி கட்டியது. 1938இல் புர்கானில் எண்ணெய் கண்டார்கள், போர் முடிந்து 1946இல் முதல் கப்பல் போனது, பாலைவனத்து மேட்டில் ஊரை வரைந்தார்கள். வடக்கே வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டம் வைத்த வீடுகள். நடுவில் நம்மைப் போன்ற இந்திய, பாகிஸ்தானிய எழுத்தர்கள். தெற்கே அரபுக் கூலிகள். நான் போனபோது அந்தப் பிரிவினை சட்டத்தில் இல்லை, ஆனால் வேப்பமரங்களின் பருமனைப் பார்த்தே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். தண்ணீர் எங்கே முதலில் வந்ததோ அங்கே மரம் பெருத்திருந்தது.

அங்கே சம்பாதித்தது இங்கேதான் வந்தது. கொச்சி விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் திறந்தது, வெளிநாட்டு மலையாளிகள் ஆயிரக்கணக்கில் பங்கு போட்டார்கள். பாலக்காட்டுத் தமிழர்களும் குவைத்துக்கும் துபாய்க்கும் அங்கிருந்தே ஏறுகிறோம். 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் தொழிலாளர் குடியிருப்புத் தீயில் இறந்த 45 இந்தியர்களின் உடல்களோடு வந்த விமானமும் அதே விமான நிலையத்தில்தான் முதலில் இறங்கியது. கேரள முதல்வர் நின்றார், தமிழ்நாட்டுக்கு ஆம்புலன்ஸ்கள் வாளையார் வழியாகப் போயின. அன்று தொலைக்காட்சியில் எல்லோரும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தார்கள். நான் அறைக்கு எத்தனை கட்டில் என்று பார்த்தேன்.

எனவே அண்ணா, எட்டுப் பேர் அறை என்றால் வாசல் எத்தனை, ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறதா, சமையல் எங்கே என்று கேளுங்கள். ஆலைக்குள் பெர்மிட் இல்லாமல் ஒரு தீக்குச்சி கிழிக்க விட மாட்டார்கள். தூங்குகிற இடத்துக்குப் பெர்மிட் கொடுப்பவர் யாரும் இல்லை.

மாஷ், புதன் பகல் 2.00

அஹ்மதி நண்பருக்கு ஒரு மறுப்பு. வளைகுடாப் பணம் வீடு கட்டியது, நகை வாங்கியது, விமான நிலையம் கட்டியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொச்சியின் கிழக்குப் பக்கத்தை நகரமாக்கியது ஆலையும் அதற்கு அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளும்தான். கம்பெனிக் குடியிருப்பு, பள்ளி, பஸ், தொழிற்சங்கம் என்று ஒரு தலைமுறை நடுத்தர வர்க்கம் அங்கே உருவானது. 2019 நவம்பரில் பாரத் பெட்ரோலியத்தில் அரசுக்கிருந்த 53.29 சதவீதப் பங்கை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்ததும் அம்பலமுகள் வாசலில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மேயில் அந்த விற்பனை கைவிடப்பட்டது. இழப்பதற்கு ஏதோ இருந்தவர்கள் போராடினார்கள்.

பழைய ஃபிட்டர், புதன் பகல் 2.40

மாஷே, அந்த நாள் வாசலில் நானும் இருந்தேன். உள்ளே போக முடியாமல், சாப்பாட்டுப் பையோடு. நிரந்தர ஊழியர்கள் கோஷம் போட்டார்கள், நியாயமான கோஷம்தான். எனக்கு அன்றைய கூலி இல்லை. என் பக்கத்தில் நின்ற பிகார்ப் பையன், "இவர்கள் யாருக்காகப் போராடுகிறார்கள்?" என்று கேட்டான். நமக்காகவும்தான் என்று சொன்னேன். அவன் என் கழுத்தில் தொங்கிய பாஸைப் பார்த்தான், தன்னுடையதையும் பார்த்துக்கொண்டான்.

வாளையார் டேங்கர், புதன் பகல் 3.10

டேங்கர் வேலைநிறுத்தம் என்றால் இரண்டு நாளில் பெட்ரோல் பங்க் வறண்டுவிடும், அமைச்சர் கூப்பிட்டுப் பேசுவார். ஷட்டவுன் கூலிக்காரர் நின்றால் வேறு ஆள் வருவார். யார் நிறுத்தினால் எண்ணெய் நிற்குமோ அவருக்குத்தான் மரியாதை மாஷே.

நெறியாளர், புதன் மாலை 4.00

கட்சி அரசியல் பக்கம் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்டவர் ஒரு தகப்பனார்.

தென்னந்தோப்பு, வெள்ளி இரவு 9.45

நெறியாளருக்கு நன்றி. நான் வேலையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் குவைத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். எல்லாவற்றையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். தாடியை மழித்துவிட்டான். அவன் அம்மா மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் முகவாயைப் பார்த்தாள்.

வியாழன் காலை ரயில் ஏறிப் போய்விட்டான். மருத்துவச் சோதனை, பாதுகாப்பு வகுப்பு எல்லாம் இன்று முடிந்தது, நாளை பாஸ் கிடைக்குமாம். அறையை வீடியோவில் காட்டச் சொன்னேன். வாசல் ஒன்று, ஜன்னல் இரண்டு. ஒரு ஜன்னலில் கம்பி இல்லை. கழிப்பறை மூன்று அறைக்கு இரண்டு. மாடிப்படியைக் காட்டச் சொன்னதற்குச் சிரித்தான், ஆனால் காட்டினான். படியில் ஷூக்கள் நிறைய.

வத்துருத்தி அக்கா, வெள்ளி இரவு 10.00

ஷூவைப் படியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் ஓட வேண்டிவந்தால் அதுதான் தடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு வரச் சொல்லுங்கள், மீன் குழம்பு.

தென்னந்தோப்பு, அடுத்த வியாழன் இரவு 8.15

ஒரு வாரமாகிவிட்டது. எக்ஸ்சேஞ்சர் குழுவில் போட்டிருக்கிறார்கள். போல்ட் இறுக்கும்போது 12, 6, 3, 9 என்று வாய்விட்டு எண்ணுகிறானாம், கூட இருக்கும் ஒடிசாப் பையன்கள் அவனுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

போகும்போது அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் கொடுத்து அனுப்பியிருந்தோம், நம் தோப்புத் தேங்காய், நம்மூர்ச் செக்கில் ஆட்டியது. நான்கு நாளில் தீர்ந்துவிட்டது. அறையில் எட்டுப் பேரும் கை துடைக்க அதையே எடுத்துக்கொள்கிறார்களாம். ஐந்து லிட்டர் அனுப்பச் சொல்கிறான். கூரியர்க்காரர் எண்ணெய் எடுக்க மாட்டேன் என்றார்.

நம் பக்கத்திலிருந்து எர்ணாகுளத்துக்குத் தினமும் விடியற்காலையில் கள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இருக்கிறதல்லவா. ஓட்டுநர் தெரிந்தவர்தான். கரிமுகளில் அக்காவின் மெஸ் வாசலில் இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா, காலை ஏழு மணிக்கு வாசலில் யாராவது இருப்பார்களா?